ஒரு பல்லுக்கு இரண்டு பேர்

அரவேணு பஸ் ஸ்டாப்பில் குரங்கோடு மல்லுக்கு நின்ற பெண் எனக்குத் தெரிந்து என் மனைவி ஞானசுந்தரி ஒருத்திதான். ஆடிச் சாரலில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவளின் சாப்பாட்டுப் பையை ஒரு தடித்த ஆண்குரங்கு வந்து பிடித்தது. பையின் ஒரு காது அதன் கையில், இன்னொரு காது இவள் கையில். விட்டிருக்கலாம். பையில் இருந்தது தக்காளிச் சாதமும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும்தான். இரண்டு பேரும் விடவில்லை. காது அறுந்து, எவர்சில்வர் டப்பா எகிறி வந்து அவள் வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பற்களில் இடப்பக்கத்துப் பல் வேரருகில் முறிந்து, சாக்கடைத் தண்ணீரோடு போனது.

எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது. தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானாக எடுத்துக்கொண்ட வேலை. குரங்கு வர்க்கியைத் தின்றுவிட்டுத் தக்காளிச் சாதத்தை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டதாம். வாயில் துண்டை அழுத்திக்கொண்டு வீடு திரும்பியவள் முதலில் சொன்னது பல்லைப் பற்றி அல்ல.

"ஏனுங்க, குரங்குக்கே புடிக்கல, பாத்துக்குங்க" என்றாள்.

அவள் காலமாகி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் இந்தப் பல் கதையைத்தான் சொல்கிறேன்.

ஞானசுந்தரி தேயிலை ஃபேக்டரியில் டேஸ்டர். நஞ்சப்பனுடைய ஃபேக்டரி, அரவேணுவுக்குக் கீழே ஓடையோரம் இருக்கிறது. சுற்றுப்பட்டுச் சிறு தோட்டக்காரர்கள் கொண்டுவரும் இலையை வாங்கித் தூளாக்கும் இடம். அங்கே ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தவள், நஞ்சப்பனின் அப்பா காலத்திலேயே டேஸ்டிங் மேசைக்குப் போய்விட்டாள். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாம்பிள். ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பில் உறிஞ்ச வேண்டும். டீ தூறலாகச் சிதறி அண்ணத்திலும் நாக்கின் அடியிலும் பட்டு, வாசனை மூக்குக்குப் பின்புறமாக ஏற வேண்டும். ஒரு நொடி வாயில் உருட்டிவிட்டுத் துப்பிவிடலாம். நாமெல்லாம் டீயைக் குடிக்கிறோம். அவள் குடித்ததே இல்லை. வீட்டில் சுக்குக் காப்பிதான்.

அவள் உறிஞ்சுகிற சத்தம் மாடியில் இலை வாட்டுகிறவர்களுக்குக் கேட்கும். முரட்டுத் துணியை ஒரே இழுவையில் கிழிப்பதுபோல இருக்கும். அந்தச் சத்தம் இழுத்து வந்தால் தூள் நல்ல தூள், பாதியில் வெட்டினால் அன்று சூப்பர்வைசருக்குத் திட்டு என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு.

கோத்தகிரியில் பல் டாக்டர் ரேச்சல் வேரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டைட்டானியம் திருகு ஒன்றை எலும்புக்குள் வைத்தார். அதற்கு இம்ப்ளான்ட் என்று பெயர். எலும்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள மழைக்காலம் முழுக்கப் பொறுக்க வேண்டும், அப்புறம்தான் அதன்மேல் பல்லை மாட்டலாம் என்றார். அதுவரைக்கும் பொய்ப்பல் வைத்த, கழற்றி மாட்டுகிற ஒரு பிளேட் கொடுத்தார். பிளேட் அண்ணத்தை மூடிக்கொண்டது. ஞானசுந்தரிக்கு ருசியே தெரியவில்லை. பிளேட்டைக் கழற்றினால் சந்து வழியாகக் காற்று போய்விடும். டீ தூறலாக வராமல் சளசளவென்று கொட்டும். நஞ்சப்பன் கோயமுத்தூரிலிருந்து வேறொரு டேஸ்டரை வரவழைத்து மேசைக்கு வைத்தார். வந்தவர் நல்ல மனுஷர்தான். ஆனால் ஜனவரியில் பனித்தேயிலை வரும். நீர்ப்பனி விழுந்த காலைகளில் கிள்ளுகிற கொழுந்து. வருஷத்திலேயே அந்த ஃபேக்டரிக்குப் பெயர் வாங்கித் தருவது அதுதான். அதற்குள் ஞானசுந்தரி வந்துவிட்டால் மேசை அவளுடையது, இல்லையென்றால் அவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நஞ்சப்பன் எங்கள் வீட்டுக்கே வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார். அவள் நியாயம்தான் என்றாள். அவர் போன பிறகு சமையலறையில் போய், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில் வசந்த்குமாரும் அவன் மனைவி ஷண்முகப்ரியாவும் பல் செய்கிற லேப் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் கோயமுத்தூர்ப் பக்கம். குன்னூர் டாக்டர்களுக்கும் கோத்தகிரி டாக்டர்களுக்கும் பல் செய்து கொடுக்கலாம் என்று அரவேணுவுக்கு வந்தவர்கள். அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவர்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. வசந்த்குமார் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ப்ரியா கம்ப்யூட்டரில் பல் வெட்டுகிற மில்லிங் மெஷின் ஒன்றை இறக்கிவிட்டாள். வாங்குவதாக முன்பே பேசியதுதான். ஆனால் மெஷினுக்கு இடம் வேண்டுமென்று அவனுடைய மேசை, மெழுகு விளக்கு, உலை எல்லாவற்றையும் துணி துவைக்கிற இடத்துக்கு நகர்த்திவிட்டாள். அவன் திரும்பி வந்து பார்த்தபோது, அவனுடைய பீங்கான் தூள் புட்டிகளுக்கு மேலே கொடியில் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

"சார், அவருகிட்டச் சொல்லிப்போடுங்க, அரிசிம்பருப்பு சாதம் ஆறுதுன்னு" என்பாள் ப்ரியா. அவன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பான்.

"சார், பசிக்கலைன்னு சொல்லிப்போடுங்க."

"சார், பசிக்கலீன்னா அந்த வாசனைக்கு மூக்க ஏன் அப்படி நீட்டறாருன்னு கேளுங்க."

ரிட்டயர் ஆனாலும் தபால் வேலை விடவில்லை பாருங்கள் என்று ஞானசுந்தரி சிரிப்பாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அந்த மழையில்தான் அவளுக்கு வந்தது.

கார்த்திகையில் திருகு எலும்போடு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மேலே மாட்டும் பல்லை, கேப் என்று நாங்கள் சொல்வதை, பக்கத்து வீட்டு லேப்பிலேயே செய்யலாம் என்று முடிவானது. அப்புறம்தான் வினை. வசந்த்குமார் டாக்டருக்குப் போன் செய்து, உலோகத்தில் வார்த்துப் பீங்கான் பூசிய கேப்தான் முன்பல்லுக்கு உயிர் கொடுக்கும் என்றான். ப்ரியா போன் செய்து, ஜிர்கோனியா என்கிற வெள்ளைக் கட்டியை மெஷினில் வெட்டினால் மயிரிழை பிசகாது, உள்ளே உலோகம் இல்லாததால் ஈறோரம் கருப்பும் தெரியாது என்றாள். மாறி மாறி இருவரும் கூப்பிட்டதில் டாக்டருக்கு அலுத்துப்போய், ஆளுக்கு ஒன்று செய்துகொண்டு வாருங்கள், எது பொருந்துகிறதோ அதை மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். அச்செடுத்து, அதில் வார்த்த பல்வரிசை மாதிரி ஒன்றை அவனுக்குக் கொடுத்தார். சின்ன கேமராவை வாய்க்குள் விட்டு ஸ்கேன் எடுத்து அவளுக்கு அனுப்பினார்.

இரண்டு வேலையையும் நான் பார்த்தேன். எனக்கு வேறு வேலையும் இல்லை, குளிருக்கு அந்த இரண்டு உலைகளும் இதமாக இருந்தன.

வசந்த்குமார் துவைக்கிற கல்லின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்து, சூடான கத்தி முனையால் செதுக்கினான். அதை ஒரு வளையத்துக்குள் வைத்துக் இறுகிப்போகும் மாவுக் கரைசலை ஊற்றி உலையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் போய் நிற்கும். அந்த உலோகத்தின்மேல் பீங்கான் தூளை நீரில் குழைத்துத் தூரிகையால் பூசிச் சுடுவான். எடுத்துப் பார்ப்பான், இன்னொரு பூச்சு, இன்னொரு சூடு. ஞானசுந்தரியைச் சுவரருகில் வரச்சொல்லி, உதட்டை விலக்கி, பக்கத்துப் பல்லைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருப்பான். பல் வெள்ளை இல்லீங்க அக்கா, ஓரத்துல கொஞ்சம் நீலம், நடுவுல தேன், கழுத்துல பழுப்பு என்பான். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் என் மனைவியின் பல்லில் நீலம் இருப்பது எனக்குத் தெரியாது.

ப்ரியா கம்ப்யூட்டர் முன்னால் கம்பளி போர்த்தி உட்கார்ந்தாள். வலப்பக்கத்துப் பல்லை எடுத்துக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி, காலி இடத்தில் வைத்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மெஷின் கொசுக் கூட்டம்போல ரீங்காரமிட்டு வட்டமான வெள்ளைக் கட்டியிலிருந்து பல்லைக் குடைந்து எடுத்தது. எடுத்த பல் சுண்ணாம்புக் கட்டிபோல, வேண்டியதைவிடப் பெரியதாக இருந்தது. தப்பாகிவிட்டதோ என்று கேட்டேன். உலையில் வெந்தால் சரியான அளவுக்குச் சுருங்கிவிடும், எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பெரிதாக வெட்டியது என்றாள். மறுநாள் பார்த்தபோது அது சுருங்கி, கல்லைப்போல ஆகியிருந்தது. மேசைமேல் போட்டால் கூழாங்கல் சத்தம்.

"சார், பீங்கான் தரையில உழுந்தா என்னாகும்னு அவரக் கேளுங்க."

"சார், பல்லத் தரையில போடறதுக்காக யாரும் கட்டறதில்லைன்னு சொல்லுங்க."

டாக்டர் குறித்த நாளில் நாங்கள் நாலு பேரும் கோத்தகிரிக்குப் போனோம். பஸ்ஸில் ஒரு சீட்டில் ப்ரியாவும் ஞானசுந்தரியும், அடுத்ததில் நானும் வசந்த்குமாரும். ஆளுக்கொரு சின்ன டப்பாவில் ஆளுக்கொரு பல். நஞ்சப்பன் அன்றைய தூளில் டீ போட்டு ஒரு பிளாஸ்க்கில் கொடுத்தனுப்பியிருந்தார். ஞானசுந்தரி தன் கரண்டியைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தாள். கண்ணாடியில் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வரமாட்டேன், டீயை வைத்துத்தான் தீர்ப்பு என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். டாக்டர் சிரித்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த, தண்ணீர் சுழன்று ஓடும் துப்புத்தொட்டியை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம ஃபேக்டரியில கூட இத்தன நல்ல தொட்டி இல்லீங்க" என்றாள்.

முதலில் வசந்த்குமாருடையது. டாக்டர் சின்னத் திருப்புளியால் முடுக்கிக் கண்ணாடியைக் கொடுத்தார். எது புதிய பல் என்று எனக்கே தெரியவில்லை. ப்ரியாகூட எட்டிக் குறை தேடிப் பார்த்துவிட்டுப் பின்னால் போய்விட்டாள். ஞானசுந்தரி கரண்டியில் டீ எடுத்து உறிஞ்சினாள். சத்தம் வந்தது, ஆனால் கிழிகிற சத்தம் இல்லை. மெல்லிய விசில். வெளியே காத்திருந்தவர்களில் யாரோ எழுந்து பார்த்தார்கள். மறுபடி இழுத்தாள். பீங்கான் ஓரத்தில் கரண்டி பட்டு 'டிக்' என்றது. டாக்டரின் முகம் சுருங்கியது.

அடுத்தது ப்ரியாவுடையது. உள்ளே உட்கார்ந்ததும், என்ன பொருத்தம், நூல் விடக்கூட இடமில்லை என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்னார். நிறம் மட்டும் சற்றுச் செத்திருந்தது, சுவரில் சுண்ணாம்பு தொட்ட இடம்போல. ஞானசுந்தரி உறிஞ்சினாள். அதே விசில். டீ தூறலாகவில்லை, ஒழுகி அவள் முகவாயில் இறங்கியது.

அவள் துடைத்துக்கொண்டாள். கரண்டியைத் துண்டில் வைத்துவிட்டு, ரெண்டு பேருமே நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, என் வாய்தான் மறந்துபோச்சு என்றாள். பிளாஸ்க்கின் மூடியை நான் தேவையில்லாமல் திருகிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி எதிர்க்கடை மறைந்துவிட்டது.

"அக்கா, இன்னொருக்கா கரண்டிய வையுங்க. உறிஞ்ச வேண்டாம், சும்மா வையுங்க" என்றாள் ப்ரியா.

ஞானசுந்தரி வைத்தாள். கரண்டி நிற்கவில்லை. ஒருமுறை வலப்பக்கம் சரிந்தது, ஒருமுறை உதட்டில் இடித்தது. தேடுகிறது என்று தெரிந்தது. இருட்டில் படியைத் தேடுகிற கால்போல.

"ஏனுங்க, கரண்டியப் பாருங்க" என்றாள் ப்ரியா. என்னிடம் அல்ல. நேராகப் புருஷனிடம்.

வசந்த்குமார் குனிந்து பார்த்தான். "பழைய பல்லுல கரண்டி உக்கார எடம் இருந்துருக்குது" என்றான், மெதுவாக.

"அதான். இத்தன வருசமா அந்த ஒரே எடத்துல தேய்ச்சுத் தேய்ச்சுக் குழி வுழுந்துருக்குது. நான் வலப்பக்கத்துப் பல்லத் திருப்பிப் போட்டேன். அந்தப் பல்ல கரண்டி தொடவே இல்லியே."

"நானும் அதப் பாத்துத்தானே மெழுகு வெச்சேன். ரெண்டு பேருமே குத்தமில்லாத பல்லாப் பண்ணிப்போட்டோம்."

"குத்தத்தோட பண்ணோணும்."

"பண்ணலாம். ஆனா எங்க, எத்தனை ஆழம்னு யாருக்குத் தெரியும்?"

"அக்காவோட காதுக்குத் தெரியும்" என்றாள் ப்ரியா.

டாக்டர் ஒரு சங்கடத்தைச் சொன்னார். ஓரத்தில் குழி எடுத்தால் பீங்கான் அங்கே மெல்லிதாகிவிடும், தினமும் நூறு கரண்டி பட்டால் சில்லு பெயரும் என்றார். அதற்கு வசந்த்குமார் தானாகவே, ஓரம் முழுக்க ஜிர்கோனியாவில் இருக்கட்டும், முன்பக்கம் மட்டும் நான் பீங்கான் பூசிக்கொள்கிறேன் என்றான். ப்ரியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் அங்கே என்னுடைய தபால் வேலைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. திரும்புகிற பஸ்ஸில் அவர்கள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, டிக்கெட்டின் பின்புறம் பல் வரைந்து சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஞானசுந்தரி என் பக்கத்தில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ப்ரியா அதே மெஷினில் ஒரு சோதனைப் பல்லை ரெசின் பிளாஸ்டிக்கில் வெட்டினாள். உறுதி இல்லாத, எளிதாக அராவக்கூடிய பல். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் ரேச்சல் டாக்டர் நேராக அரவேணுவுக்கே வந்துவிட்டார். ஆட்டுக்கறிக் குழம்புக்கு நான் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன், பாதியில் கூப்பிட்டார்கள். லேப்பின் நடுவில் ஞானசுந்தரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் எங்கள் வீட்டு வாளி. அடுப்பில் ஒரு குண்டா டீ. டாக்டர் பல்லை மாட்டுவார், அவள் உறிஞ்சுவாள், வாளியில் துப்புவாள். டாக்டர் கழற்றுவார், வசந்த்குமார் ஓரத்தில் ஒரு இழை அராவுவான். மறுபடி மாட்டல், மறுபடி உறிஞ்சல். விசில் மெல்ல மெல்லத் தடித்தது.

"இன்னுங் கொஞ்சம் உள்பக்கமாங்க தம்பி."

"இங்கீங்களா?"

"கரண்டி உக்காந்துருச்சு. ஆனா ஒரு பக்கமாச் சாயுது, நம்ம நஞ்சப்பன் ஜீப்பாட்ட."

இன்னொரு இழை. அவள் கரண்டியை வைத்தாள். அது அசையாமல் நின்றது. இழுத்தாள்.

துணி கிழிந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ப்ரியா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானசுந்தரி அதை நம்பாமல் இன்னொரு தரம் இழுத்தாள், இன்னும் நீளமாக. பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, வசந்த்குமார் கையைத் தடவிக்கொடுத்து, "கண்ணு, இனி ஒரு இழைகூட வேண்டாம்" என்றாள்.

குழி விழுந்த அந்தச் சோதனைப் பல்லை ப்ரியா ஸ்கேன் செய்து, அதே வடிவத்தை ஜிர்கோனியாவில் வெட்டினாள். அது உலையில் சுருங்கி வந்ததும் வசந்த்குமார் முன்பக்கத்தில் நீலமும் தேனும் பழுப்பும் பூசினான். பூசியது துவைக்கிற இடத்தில் அல்ல. மெஷினை ஒரு சுவரோரம் தள்ளி, இரண்டு மேசைகளையும் எதிரெதிராகப் போட்டிருந்தார்கள். அந்த மேசையைத் தூக்கியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது தனி. அன்றைக்கு அரிசிம்பருப்பு சாதத்தில் எனக்கும் ஒரு தட்டு வந்தது, நெய் தாராளமாக.

கிறிஸ்துமஸுக்கு முன்பே பல் முடுக்கியாகிவிட்டது. கேரல் பாட வந்தவர்களுக்கு வாயை மூடாமல் சிரித்துக்கொண்டே அவள் கேக் கொடுத்தாள்.

ஜனவரியில் நீர்ப்பனி விழுந்தது. காலையில் ஓடையோரப் புல் உப்புக் கொட்டியதுபோலக் கிடந்தது. முதல் பனித்தேயிலை தூளாகி மேசைக்கு வந்த அன்று, பல் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வசந்த்குமாரும் ப்ரியாவும் என்னோடு ஃபேக்டரிக்கு வந்தார்கள். டேஸ்டிங் அறை ஜன்னலருகே அன்றைக்கு ஏகப்பட்ட பேருக்கு வேலை இருந்தது. ஒருவர் கண்ணாடி துடைத்தார். ஒருவர் ஆணி தேடினார். இலை வாட்டுகிற பெண்கள் மாடிப்படியில் வரிசையாக நின்றுகொண்டு, தாங்கள் இறங்குகிறார்களா ஏறுகிறார்களா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். கோயமுத்தூர் டேஸ்டர்கூடக் கைகட்டி ஓரமாக நின்றார்.

நஞ்சப்பன் சட்டை மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இந்த வருஷத் தூள் இதுவரை வராத மாதிரி வந்திருக்கிறது என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஞானசுந்தரி வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். முதல் கோப்பையின் இலையை முகர்ந்தாள், நிறத்தைப் பார்த்தாள். கரண்டியை எடுத்தாள். அது பல்லில் போய் உட்கார்ந்ததை ஜன்னலுக்கு வெளியிலிருந்தே நான் பார்த்தேன். இழுத்தாள். மாடிப்படி வரைக்கும் போயிற்று சத்தம். ஆனால் நீளவில்லை. பாதியில் வெட்டியது. படியில் நின்ற பெண்களிடமிருந்து ஒரு சின்ன 'ஐயோ' வந்தது. அடுத்த கோப்பை. அதுவும் வெட்டியது. ப்ரியா வசந்த்குமாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பல்லு நகந்துருச்சுங்களா என்று கேட்டாள். அவன் எம்பி, கரண்டி பல்லில் நிற்கிற இடத்தைப் பார்த்தான்.

ஞானசுந்தரி துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்து, நஞ்சப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாட்டம் பத்தலீங்க. பனிக்குப் பயந்துட்டு ராத்திரியெல்லாம் ஜன்னலச் சாத்தி வெச்சிருக்கறாங்க. பச்ச வாசம் அப்படியே கெடக்குது. இதயெல்லாம் பனித்தேயிலைன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

நஞ்சப்பனின் காது சிவந்தது. சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மாடியைப் பார்த்தார். பிறகு நஞ்சப்பன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிக்க ஆரம்பித்தார். "திட்டு வாங்கி எத்தன நாளாச்சு" என்றார். படியில் நின்ற பெண்கள், திட்டு தங்களுக்குத்தான் என்பதைக்கூட மறந்து கைதட்டினார்கள். வசந்த்குமாரும் தட்டினான்.

ஞானசுந்தரி யாரையும் கவனிக்கவில்லை. கரண்டியை உதறிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விட்டிருந்தாள்.